கலத்தினுள்ளே ஒரு வீடு

கலச்சுவர், மென்சவ்வு, கரு, இழைமணி, புன்வெற்றிடம் என்று உயிரியல் நூலிலுள்ள பெயர்களை நம் பிள்ளைகள் விளக்கடியில் இருந்து உருப்போடுகின்றனர். பரீட்சை முடிந்த மறுவாரமே அவற்றுட் பாதி மறந்துபோகின்றது. பெயருக்குரிய தொழில் மனத்திற் பதியாமையே இதற்குக் காரணமாகும். தொழிலைப் பதியவைக்க நல்லதொரு துணை உவமை.

உண்மையில், 'கலம்' என்னும் சொல்லே ஓர் உவமைதான். கலம் என்றாற் பாத்திரம். 1665ஆம் ஆண்டில் றொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர், தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினார். அதிற் கண்ட நுண்ணிய பெட்டிகளுக்குச் 'சிற்றறை' என்று பொருள்படும் பெயரை இட்டார். அவர் கண்டவை இறந்த கலங்களின் வெறுஞ் சுவர்களே. உயிருள்ள கலமோ வெற்றறையன்று; வேலை ஓயாத வீடு.

தாவரக் கலமொன்றை அவ்வாறே ஒரு வீடாகக் கொள்வோம். கலச்சுவர் வளவைச் சூழ்ந்த மதில். அதன் உட்புறத்துள்ள மென்சவ்வு, வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததை மறிக்கும் காவலுள்ள படலை. இழைமணி அடுப்பு, உணவிலுள்ள சத்தி வேலைக்கு உதவும் வடிவை அங்கே பெறுகின்றது. புன்வெற்றிடம் தண்ணீர்த் தொட்டி. வாடிய கீரையில் நீர் தெளித்தாற் சிறிது நேரத்தில் அது நிமிர்வதைச் சந்தையிற் காண்கின்றோமன்றோ? தொட்டிகள் நிறைந்து உள்ளிருந்து மதிலை அழுத்துவதாலேயே இலை நிமிர்கின்றது.

இனிக் கருவைப் பார்ப்போம். அதனைக் 'கலத்தின் மூளை' என்று கூறுவது வழக்கம். எமது குருதியிலுள்ள செங்குழியமோ முதிரும்போது தன் கருவை இழந்துவிடுகின்றது. எனினும் ஏறக்குறைய 120 நாட்கள் ஒட்சிசனைச் சுமந்து உழைக்கின்றது. மூளையை இழந்த ஒருவன் நான்கு மாதம் தொழில் செய்வானா? உவமை இங்கே முறிந்துவிட்டது.

ஆகவே கருவை, பெட்டியிற் பத்திரமாய் வைத்த சமையற் குறிப்பேடு என்போம். வேண்டிய பக்கம் மட்டும் பிரதிசெய்யப்பட்டு, இறைபோசோம் என்னும் சமையற்காரரிடம் செல்கின்றது. அவர் அதன்படி புரதத்தை ஆக்குகின்றார். ஏடு போனாலும், முன்பு ஆக்கி வைத்ததைக்கொண்டு சில காலம் வாழலாம்; புதிதாய் ஆக்க இயலாது. செங்குழியத்தின் ஆயுளுக்கு ஓர் எல்லை இருப்பதன் காரணங்களுள் ஒன்று இப்பொழுது விளங்குகின்றதல்லவா?

அடுப்பு என்ற உவமைக்கும் எல்லையுண்டு. இழைமணி தனக்கெனச் சிறிதளவு டீ.என்.ஏ.யை வைத்திருக்கின்றது; பிரிந்து பெருகவும் செய்கின்றது. எந்த வீட்டு அடுப்பு இன்னோர் அடுப்பை ஈன்றது?

உவமை ஆற்றைக் கடக்க உதவும் ஓடம் போன்றது. கரை சேர்ந்தபின் அதைத் தலையிற் சுமக்க வேண்டியதில்லை. பெற்றோரே, பிள்ளை பாடம் படிக்கும்போது, "இது எதைப் போன்றது?" என்று கேளுங்கள். பிள்ளை விடை கூறியதும், "எதில் அதைப் போன்றதன்று?" என்றும் கேளுங்கள். முதல் வினா பாடத்தை நினைவில் நிறுத்தும். இரண்டாவது வினாவே அறிவை வளர்க்கும்.