உயரத்தை மறக்காதீர்கள்!

நியூசிலாந்தில் மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி: அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் பெரிய வண்டிகளின் உயரம் 3 மீட்டரைத் தாண்டும்; கார் ஓட்டிப் பழகியவர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுவார்கள். பெட்ரோல் பங்க் கூரையில் இடித்த பிறகு நினைவு வந்து என்ன பயன்? விவரமானவர்கள் உயரத்தைச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிக்கொள்வார்கள்.

கிளம்புமுன் கேஸ் சிலிண்டரை மூடி, அலமாரிகளைத் தாழிட வேண்டும். இல்லையென்றால் முதல் வளைவிலேயே தட்டுகள் தரைக்கு வந்துவிடும்.

இரவில் கண்ட இடத்தில் தங்க முடியாது; முகாம்களுக்கு வெளியே பல இடங்களில் தங்கத் தன்னிறைவு வாகனச் சான்று வேண்டும். 2023 சட்டத் திருத்தத்தின்படி, கழிப்பறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். கழிவுத் தொட்டியை அதற்கென உள்ள டம்ப் ஸ்டேஷனில்தான் காலி செய்யலாம்; கையுறை அவசியம். முதல் இரவுக்கு மட்டும் மின் இணைப்புள்ள முகாமில் இடம் பதிவு செய்துவிடுங்கள்.