பழகிய சொல்லும் பழகாத பொருளும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து தெற்கே சென்றால் பாறசாலை வரும். அதற்குச் சற்று அப்பால் களியக்காவிளை. முன்னது கேரளத்தைச் சேர்ந்தது; பின்னது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கடைகளின் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுவதைக் கொண்டே மாநிலம் மாறியதை வழிப்போக்கர் அறிவர். தென்னையும் மரவள்ளியும் இரப்பரும் நிறைந்த தோட்டங்கள் இருபுறமும் ஒன்றே. மக்களின் பேச்சும் ஏறக்குறைய ஒன்றே. தமிழும் மலையாளமும் ஒரே நாவில் கலந்து வழங்குகின்றன.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அந்நாளைய சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சேர வேண்டும் என்பது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை. அது நிறைவேறவில்லை. அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தார் வீட்டு வாசலை விட்டு ஓர் அடியும் நகராமலே பிற மாநிலத் தமிழர் ஆயினர். மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் பிழைப்பை நாடிச் சென்ற அன்பர்களுக்கும் இவர்களுக்கும் வந்த வழி வேறு. ஆயினும் இரு சாராருக்கும் ஒரு தேவை பொதுவானது. வாழும் மாநிலத்தின் மொழியைச் சந்தைக்குப் போதுமான அளவோடு நிறுத்திவிடாமல், பத்திரத்தையும் பாடநூலையும் படித்துணரும் அளவுக்கு எவ்வாறு வளர்த்துக்கொள்வது? பாறசாலைச் சிற்றூர்களை முன்னிட்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

தாய்மொழியிலேயே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ள இயலாதா என்று சிலர் கேட்கலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியில் கடிதம் எழுத இடமளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். அந்த உரிமையை விட்டுவிடலாகாது. ஆனால் அயலான் விற்கும் நிலத்தின் பத்திரமும், வங்கியின் அறிவிப்பும், நாளிதழும் மலையாளத்திலேயே வரும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடமும் ஆகிவிட்டது. ஆகவே உரிமையைக் காப்பதும் மொழியைக் கற்பதும் ஒருங்கே நடைபெற வேண்டியவை.

இனி, கற்பதில் உள்ள இடர்ப்பாட்டை நோக்குவோம். வியட்நாம் நாட்டு மாணவன் ஒருவன் ஆங்கிலம் கற்பதாக எண்ணிக்கொள்வோம். அவனுடைய தாய்மொழியில் வினைச்சொல் உருமாறுவதே இல்லை. சென்ற காலத்தையும் வருங்காலத்தையும் தனிச்சொற்களே உணர்த்துகின்றன. ஆங்கில அகராதியைத் திறந்தால் அவனுக்குத் தெரிந்த முகம் மிக அரிது. ஒவ்வொரு சொல்லையும் அந்நியனாகவே கருதி, ஐயத்தோடு அணுகி, பொருளைக் கேட்டறிந்த பின்னரே ஏற்றுக்கொள்கிறான். அது பெரும் உழைப்பு. ஆயினும் அந்த ஐயமே அவனுக்கு ஒரு காவல்.

மலையாளம் கற்கும் தமிழருக்கு உழைப்புக் குறைவு. ஆனால் அந்தக் காவலும் இல்லை. ஒப்பு என்றால் கையொப்பம். மறுபடி என்றால் மறுமொழி. தீருமானம் என்றால் தீர்மானம். பத்துச் சொற்கள் இவ்வாறு கைகொடுத்தபின், பதினோராவது சொல்லை நாம் விசாரிப்பதே இல்லை. இடறி விழுவது அங்கேதான்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். ‘நிங்ஙளுடெ சம்ஸாரம் நன்னாயிருன்னு’ என்று ஒரு மலையாளி நம்மைப் பாராட்டினால், அவர் நம் மனைவியைக் குறிப்பிடவில்லை. நம்முடைய பேச்சு நன்றாக இருந்தது என்கிறார். ‘விரோதமில்ல’ என்றால் பகையில்லை என்பதன்று. தடையில்லை, அவ்வாறே செய்யலாம் என்பது கருத்து. பத்திரம் என்பது அவர்களுக்குச் செய்தித்தாள். நாம் பத்திரம் என்பதை அவர்கள் ஆதாரம் என்பர். நமக்கு வஸ்து என்றால் ஏதேனும் ஒரு பொருள். அங்கே அது நிலபுலத்தைக் குறிக்கும். கற்பனை நமக்கு மனத்தில் புனைவது. ‘கல்பன’ அவர்களுக்குக் கட்டளை. நம் கிறிஸ்தவ அன்பர்கள் மட்டும் இதில் மயங்கார். பத்துக் கற்பனைகள் என்னும் வழக்கில் அப்பொருள் தமிழிலும் வாழ்கிறது.

அலுவலகக் காகிதங்களில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. ‘துக கைப்பற்றி’ என்று எழுதினால் தொகையைப் பெற்றுக்கொண்டார் என்றே பொருள். யாரும் எதனையும் பறிக்கவில்லை. ‘வீழ்ச வருத்தியால்’ என்றால் தவணை தவறினால் என்பது. இதில் விழுவதும் இல்லை, வருந்துவதும் இல்லை. கரம் அடய்ப்பது என்பது வரி செலுத்துவது. கடனை அடைத்தல் என்னும் நம் வழக்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பதியும். குடிச்சிக என்பது நிலுவை. பிரதி என்பது நமக்கு நகல். அப்பொருள் அங்கும் உண்டு. ஆனால் போலீஸ் காகிதத்தில் அச்சொல் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும். ‘போக்குவரவு’ என்னும் சொல்லைக் கண்டவுடன் வண்டி வாகனங்களை நினைக்கிறோம். கேரளத்து வில்லேஜ் அலுவலகத்தில் அதற்குப் பொருள் வேறு. நிலம் கைமாறியபின் வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றிப் பதிவதே அங்கே போக்குவரவு. நம் பட்டா மாற்றத்தைப் போன்றது. ஆதாரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணி இதைச் செய்யாதிருப்பவர், தம் பெயரில் நிலவரி செலுத்த முடியாமல் பின்னர் அலைய நேரிடும்.

இதன் விளைவு எத்தன்மையது என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பாறசாலைக்கு அருகில் தந்தையார் காலமாகிறார். அனந்தராவகாசிகள், அதாவது வாரிசுகள், இருவர்: மகன் ஒருவன், எல்லைக்கு அப்பால் மணமாகிச் சென்ற மகள் ஒருத்தி. மகன் நிலத்தைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றுமாறு விண்ணப்பிக்கிறான். ‘ஆக்ஷேபம்’ இருந்தால் குறித்த நாளுக்குள் தெரிவிக்குமாறு மகளுக்கு அறிவிப்பு வருகிறது. அந்தச் சொல்லை அவள் பிறந்த வீட்டு முற்றத்தில் பலமுறை கேட்டிருக்கிறாள். பேச்சு வழக்கில் அதற்கு இகழ்ச்சி என்று பொருள். ‘அண்ணனை நாம் ஏன் இகழ வேண்டும்?’ என்று கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். அலுவலக வழக்கிலோ அது ஆட்சேபணை. நாள் கடந்துவிடுகிறது. பின்னர் அதனைத் திருத்துவதற்கு அவள் கச்சேரி ஏற வேண்டும். அண்ணனோடு பேச்சும் நின்றுபோகலாம். அவளுக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரே சொல் முற்றத்தில் ஒரு பொருளும் அலுவலகத்தில் வேறு பொருளும் கொள்ளும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இக்குறையைப் போக்கிக்கொள்ளும் வழி யாது? முதலாவது, சொல்லைத் தனியே கற்காமல் அதனோடு வரும் வினையையும் சேர்த்துக் கற்க வேண்டும். அபேக்ஷ என்பதை மட்டும் மனனம் செய்வதிற் பயனில்லை. அபேக்ஷ சமர்ப்பிக்குக, விண்ணப்பம் கொடுப்பது, என்று முழுத்தொடராகக் கொள்ள வேண்டும். அதன் குடும்பத்தையும் உடன் அறிய வேண்டும். அபேக்ஷகன் அங்கே விண்ணப்பதாரர். நம் பழைய வழக்கில் தேர்தலில் நிற்பவரை அபேட்சகர் என்றோம். அவரை மலையாளத்தில் ஸ்தானார்த்தி என்பர்.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல் நன்று. பக்கத்தை மூன்றாகப் பகுத்து, முதலில் சொல்லையும், அடுத்து அதனைக் கண்ட முழு வாக்கியத்தையும், மூன்றாவதாகத் தமிழ்ப் பொருளையும் எழுத வேண்டும். தமிழில் உள்ள சொல்லாயிருந்தும் பொருள் மாறுபடுமாயின் அதற்குச் சிவப்பு மையால் கோடிடுக. புதுமையான நூறு சொற்களைக் காட்டிலும், சிவப்புக் கோடிட்ட இருபது சொற்களே அடிக்கடி திருப்பிப் பார்க்கத் தக்கவை. ஐயம் தோன்றினால் ஸ்ரீகண்டேஸ்வரம் பத்மநாப பிள்ளை தொகுத்த சப்ததாராவலி உதவும். ஆங்கிலம் அறிந்தவர்க்கு, 1872-இல் வெளிவந்த குண்டர்ட் பாதிரியாரின் மலையாள ஆங்கில அகராதியும் துணைபுரியும்.

மூன்றாவது, காதுக்குப் பயிற்சி வேண்டும். தமிழ் எழுத்தில் ஒரே ககரத்தால் குறிக்கும் ஒலிகளுக்கு மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. வினைமுற்றிலும் வேறுபாடு உண்டு. நாம் வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று இடத்திற்கேற்ப விகுதியை மாற்றுகிறோம். அவர்களோ ஞான் வன்னு, அவன் வன்னு, அவர் வன்னு என்று மூன்றிடத்தும் ஒன்றாகவே கூறுவர். செய்தியறிக்கையைத் தினந்தோறும் கேட்பது இதற்கு நல்ல வழி. 1943-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த திருவனந்தபுரம் நிலையத்தின் குரல் இச்சிற்றூர்களுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. கேட்ட ஒரு செய்தியை மறுநாள் நாளிதழில் தேடி, வாய்விட்டுப் படித்தால் ஒலியும் எழுத்தும் பொருளும் ஒன்றுசேரும்.

அடுத்து மரபுத்தொடர்கள். இவற்றிற் சில நமக்கு உடன்பிறந்தவை. காலைப் பிடித்தல், காலை வாருதல், முதலைக் கண்ணீர் ஆகியவை இரு மொழிக்கும் பொது. சில, உடை மட்டும் மாறியவை. நாம் கண்ணில் மண்ணைத் தூவுகிறோம், அவர்கள் பொடியிடுகிறார்கள். நமக்கு நீர்மேல் எழுத்து. அவர்களுக்கு ‘வெள்ளத்தில் வரச்ச வர’. இங்கே வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்பதை மறக்கலாகாது. பெருக்கெடுத்தால் அது வெள்ளப்பொக்கம். வேறு சில முற்றிலும் மாறானவை. குளம் வெட்டுதல் நம்மவருக்கு அறம். ‘காரியம் குளமாக்கி’ என்று மலையாளி சொன்னாலோ, காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்பது பொருள். ஆகையால் தமிழ் மரபுத்தொடரை அப்படியே மலையாளத்தில் பெயர்த்துச் சொல்வதும், கேட்டவுடன் ஒன்றைப் பிறரிடம் வழங்குவதும் தகா. யார் யாரிடம், எந்த நிலையில் அதைச் சொல்கிறார் என்பதை இரண்டு மூன்று முறை கவனித்த பின்னரே நாமும் சொல்லலாம்.

மரியாதைச் சொல்லும் இத்தகையதே. நீங்கள் என்பது தமிழில் எவரிடமும் சொல்லத்தக்க மரியாதைச் சொல். நிங்ஙள் என்பதை மூத்தவரிடமோ அதிகாரியிடமோ நேரே சொன்னால் அவ்வளவு பணிவாக ஒலிப்பதில்லை. சார் என்றோ, சேட்டன், சேச்சி என்றோ உறவு கூட்டி அழைப்பதே அங்கே இயல்பு. எழுத்தில் தாங்கள் என்பதற்கு நேரான தாங்கள் என்னும் சொல்லே மலையாளத்திலும் உண்டு.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கும் இவ்வழி பொருந்தும். அவசரம் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவு, தெலுங்கில் தேவை, மலையாளத்திலும் இந்தியிலும் வாய்ப்பு. சிக்ஷ என்றால் மலையாளத்தில் தண்டனை. சிக்ஷா என்றால் இந்தியில் கல்வி. எந்த ஊரில் வாழ்ந்தாலும், அறிமுகமான முகத்தோடு வரும் சொல்லையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இருமொழிப் புலமை தாய்மொழியைத் தேய்த்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கத்தை நிறுவிய ஸ்ரீ நாராயண குரு, மலையாளத்திலும் வடமொழியிலும் தமிழிலும் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். அந்த ஆறு இன்றும் அவ்வழியே ஓடுகிறது.

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அருகில் இருப்பதன் அருமை தெரியாது என்பது அதன் கருத்து. அண்டை வீட்டாரின் மொழி நமக்கு அத்தகைய முல்லையாகிவிடாமல் பார்த்துக்கொள்வோம். இன்று வீட்டிற்கு வந்த ஏதேனும் ஓர் அறிவிப்பை எடுத்து, நமக்குத் தெரியும் என்று நாம் எண்ணுகிற ஐந்து சொற்களுக்கு அகராதியில் பொருள் பார்ப்போம். அந்த ஐந்தில் ஒன்றேனும் சிவப்புக் கோட்டுக்கு உரியதாக இருக்கும்.