மண்ணடியில் விண்ணாராய்ச்சி

ஹெந்தளைக் கடற்கரையில் ஒரு மாணவன் உள்ளங்கையை விரித்து நிற்பானாயின், ஏறக்குறைய நொடிக்கொரு நுண்ணிய துணிக்கை அக்கையை ஊடுருவிச் செல்லும். கண் அதனைக் காணாது. தோல் அதனை உணராது. வீட்டுக் கூரையும் அதனைத் தடுக்கமாட்டாது. மியூவன் எனப்படும் அத்துணிக்கை ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்திற் பிறந்து பூமியை அடைந்ததாகும். இத்தகைய துணிக்கைகளைக் கொண்டு அண்டத்தின் இயல்பை ஆராயும் துறையே துணிக்கை வான்பௌதிகம் எனப்படும்.

வானநூலார் தொன்றுதொட்டு ஒளியையே சான்றாகக் கொண்டனர். ஒளியன்றி வேறு தூதுவரும் உளர் என்பதை 1912ஆம் ஆண்டு விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் காட்டினார். பலூனில் 5,000 மீற்றருக்கு மேல் ஏறிய அவர், உயரம் மிகமிகக் கதிர்வீச்சும் மிகுதலைக் கண்டார். அண்டக்கதிர் எனப் பெயர்பெற்ற அவற்றுட் பெரும்பாலானவை புரோத்தன்களே. அவை வளிமண்டலத்து அணுக்கருக்களில் மோதும்போது, மியூவன்களும் நியூத்திரினோ என்னும் துணிக்கைகளும் தோன்றுகின்றன.

நியூத்திரினோ மின்னேற்றமற்றது, பூமி முழுவதையும் எளிதில் துளைத்துச் செல்ல வல்லது. அஃது இருத்தல் வேண்டும் என 1930இல் பௌலி ஊகித்தார். 1956இல் ரைன்ஸ், கவன் என்போர் அணு உலையின் அருகே அதனைக் கண்டறிந்தனர். ஆயினும், வளிமண்டலத்தில் இயற்கையாகத் தோன்றும் நியூத்திரினோவைக் காண்டல் அரிதாயிற்று. திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலில் ஒருவன் மெல்லப் பேசுவது எங்ஙனம் கேளாதோ, அங்ஙனமே மியூவன் மழையின் நடுவே அதன் அடையாளம் மறைந்துபோகும். இரைச்சலை அடக்குதற்கு ஒரு வழி உண்டு. ஆழமான பாறையின் கீழ்ச் செல்லுதலே அவ்வழி.

அத்தகைய ஆழம் கோலார் தங்கவயலில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாகப் பாறையை அகழ்ந்து பொன்னெடுத்த சுரங்கம் அது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் அங்கு வெவ்வேறு ஆழங்களில் மியூவன்களை எண்ணினர். மிக்க ஆழத்தில் இரண்டு மாதங்கள் கருவியை வைத்திருந்தும் ஒரு மியூவனேனும் பதிவாகவில்லை. பிறர் தோல்வி எனக் கருதத்தக்க அவ்வெறுமையே ஆய்வாளர்க்குப் பெருஞ்செல்வமாயிற்று. இரைச்சல் அடங்கிய இடம் கிடைத்துவிட்டதன்றோ!

மேனன், சிறீகண்டன், நரசிம்மம் முதலியோர், யப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக அறிஞருடன் கூடி, ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் ஆழத்திற் கருவிகளை நிறுவினர். அங்கு மேலிருந்து வரும் மியூவன்கள் மிகச் சிலவே. பக்கவாட்டில் வருவன மிகப் பெரும் பாறைத்தொலைவைக் கடக்கவேண்டுமாதலின் வந்துசேரா. எனவே, கிடையாகச் செல்லும் தடம் பதிவாயின், அது நியூத்திரினோ ஒன்று அருகிலுள்ள பாறையில் மோதிப் பிறப்பித்த மியூவனே ஆதல் வேண்டும். 1965இல் அத்தகைய தடம் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரைன்ஸ் குழுவினரும் இவ்வெற்றியை எய்தினர்.

ஆயின், பொன் அருகி, அகழும் செலவு பெருகியமையால், கோலார்ச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பொன்னுக்காகத் தோண்டிய குழி பொன்னோடு போயிற்று. யப்பானோ கமியோக்காச் சுரங்கத்தில் தொடர்ந்து உழைத்து, 1998இல் நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்பதற்குச் சான்று கண்டது. தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் அமைக்க எண்ணிய ஆய்வுக்கூடத்திற்கு 2015இல் இந்திய நடுவணரசு இசைவளித்தது; எனினும், மலையும் நீரும் கெடுமோ என்ற மக்களின் அச்சத்தாலும் வழக்குகளாலும் அது தடைப்பட்டது. அறிவு வேட்கையும் வாழ்விடம் பற்றிய கவலையும் ஒன்றையொன்று கேளாது இயங்கின் இரண்டும் நலியும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

எனினும், முயற்சி அற்றுப்போகவில்லை. உதகமண்டலத்தில் ஏறக்குறைய 400 துணிக்கையுணர் கருவிகளும், 560 சதுர மீற்றர் பரப்புள்ள மியூவன் தொலைகாட்டியும் அண்டக்கதிர்களை ஆராய்கின்றன. 2014 திசெம்பரில் அங்கு எழுந்த இடிமுகிலொன்றில் 130 கோடி வோற்று அழுத்தம் இருந்ததை, மியூவன்களின் குறைவைக்கொண்டே ஆய்வாளர் கணித்து 2019இல் வெளியிட்டனர். விண்ணை நாடிய கருவி முகிலின் இரகசியத்தையும் உரைத்தது.

இத்துறையை நாடும் மாணவர்க்குப் பௌதிகமும் தூயகணிதமும் அடித்தளமாகும். மின்னணுக் கருவியறிவும், பெருந்தொகையான தரவுகளைக் கணினியால் ஆராயும் திறனும் அதன்மேல் எழும் சுவர்களாகும். இவை யாவற்றினும் மேலாக வேண்டப்படுவது பொறுமை. இரண்டு மாதங்கள் காத்திருந்து ஒன்றும் காணாதபோதும், காணாமையிற் பொருள் கண்டவர்களே இத்துறையை வளர்த்தனர். அவர்தம் வழியிற் செல்ல விழையும் மாணவனுக்கு விண்ணின் தூதுவர் தொலைவில் இல்லை. அவன் உள்ளங்கையினூடாகவே இடையறாது சென்றுகொண்டிருக்கின்றனர்.