எந்தக் கப்பல்?

இரவு நேரப் பாடல் விருப்ப நிகழ்ச்சி. அழைப்பில் ஒரு பெண்மணி. கணவருக்காக ஒரு பாட்டு வேண்டும் என்றார்.

“அவர் பக்கத்துல இருக்காராக்கா?”

“இல்ல... வெளியூர்ல இருக்கார்.”

“அப்படியா? சீக்கிரம் டிக்கெட் போட்டு வரச் சொல்லுங்க!” என்று வழக்கமான உற்சாகத்தோடு சொல்லிவிட்டுப் பாட்டை ஒலிக்கவிட்டேன். அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அவர் ஜெயில்ல இருக்கார். மகன் பக்கத்துல நின்னான். அதான் அப்படிச் சொன்னேன்.”

அந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது என் தாய்மாமா சில ஆண்டுகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. யார் கேட்டாலும் “மாமா கப்பல்ல வேலை பார்க்கிறார்” என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. உண்மை தெரிந்தபோது எனக்கு வயது 14. அவர் திரும்பி வந்த பிறகும் அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசியதில்லை. தீபாவளிக்கு வருவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

அந்த அழைப்புக்குப் பிறகுதான், பேச முடியாததை எழுத முடியுமா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

15 நிமிடங்கள்

1986ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் மனத்தை வாட்டிய நிகழ்வைப் பற்றியும், சிலர் சாதாரண விஷயங்களைப் பற்றியும் எழுதினார்கள். மனவேதனையை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. ஆனால், நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் கூடவும் குறையவும் இருந்திருக்கிறது. எழுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை.

சிறையில் தொண்டூழியம் செய்யும் தோழி ஒருத்தியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “செஞ்ச தப்பை எழுதுங்கன்னு ஆரம்பிச்சா யாரும் பேனாவைத் தொடமாட்டாங்க. உங்க வீட்டு அடுப்படியை எழுதுங்கன்னு சொன்னா அம்மா வருவாங்க, தம்பி வருவான், கடைசியில அந்த ராத்திரியும் தானா வந்துடும்” என்றாள். எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. வாசித்துக்காட்டக் கட்டாயம் இல்லை. யாராவது உடைந்து அழுதால் கவனிக்க ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவள் கண்டிப்பு.

“பாதிக்கப்பட்டவங்க இருக்கும்போது, தப்பு செஞ்சவருக்குக் கவிதை ஒரு கேடா?” என்று கேட்டேன். “சாக்குச் சொல்லித்தான் முதல்ல எழுதுவாங்க. அடுத்த வாரம் அதைத் தானே படிக்கும்போது, தான் யாரையெல்லாம் விட்டுட்டு எழுதினோம்னு தெரியும்” என்றாள்.

யார் படிப்பது?

சிறையும் எழுத்தும் தமிழுக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் ஆலனின் நூலை வ.உ.சி. ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கியது சிறையில்தான். ஆனால் அவர் தியாகி, பெருமையோடு படிக்கிறோம். சாதாரணக் கைதி எழுதுவதை யார் படிப்பது?

சில நாடுகளில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் சிறைப்பட்ட அனுபவமுள்ள எழுத்தாளர் ஆர்தர் கெஸ்லர், 1962ல் பிரிட்டனில் கைதிகளின் கலைப்படைப்புகளுக்கான விருதைத் தொடங்கிவைத்தார். இன்றும் அந்த அமைப்பு படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறது. அமெரிக்காவில் பென் எழுத்தாளர் அமைப்பு 1971ல் சிறை எழுத்துத் திட்டத்தை ஆரம்பித்தது. வெளியே உள்ள எழுத்தாளர்கள் அஞ்சல்வழி கைதிகளுக்கு வழிகாட்டுகிறார்கள்.

ஒலிபரப்பாளனான என்னை அதிகம் தொட்டது, இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில் உருவான ‘ஸ்டோரிபுக் டாட்ஸ்’. சிறையிலுள்ள தந்தை கதை வாசித்துப் பதிவுசெய்கிறார். ஒலித்தொகுப்பில் பயிற்சி பெற்ற கைதிகள் அதற்கு இசையும் ஓசையும் சேர்க்கிறார்கள். பிள்ளை வீட்டில் அப்பா குரலைக் கேட்டபடி தூங்கப் போகிறது.

நம் சிங்கப்பூரில் 2004ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் ‘இரண்டாவது சிறை’ என்று ஒன்றைச் சொல்கிறது. தண்டனை முடிந்து வந்தவரை வெளியே காத்திருக்கும் சந்தேகமும் ஒதுக்கலும்தான் அது. கைதிகளின் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்கக் கண்காட்சிகளும் இத்திட்டத்தில் நடந்திருக்கின்றன. அந்த இரண்டாவது சிறையின் சாவி அதிகாரிகளிடம் இல்லை, நம் வீடுகளில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது ‘கப்பல்’ என்ற சொல்லுக்குள் கிடந்தது.

உங்கள் குடும்பத்தில் யாராவது உள்ளே இருந்தால், எழுதுங்கள். அறிவுரை வேண்டாம். மகனுக்குப் பல் விழுந்தது, புளோக்கில் மின்தூக்கியை மாற்றியது, அம்மா இந்த வாரம் மீன் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டது என்று எழுதுங்கள். தான் இல்லாத வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? நான்கு இரவுகள், 15 நிமிடம் வீதம் மாமாவுக்கு எழுதினேன். ஐந்தாம் நாள் தபாலில் சேர்த்தேன். அரை மணி நேரத் தூரத்தில் இருப்பவர்தான். ஆனாலும் கையில் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் மூன்று பக்கம் வந்தது. அதில் இருப்பது எங்கள் இருவருக்குமானது. கடைசி வரியை மட்டும் அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

“நான் கப்பல்ல வேலை பார்த்ததா சொன்னீங்களாமே. எந்தக் கப்பல்?”

பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.