எலி வளைக்கும் அபராதம் விதித்த ஆட்சி

சூ நாட்டின் ஷாங்சாய் ஊர்க்காரரான லி சி, இளவயதில் ஒரு சாதாரண அரசு எழுத்தர். அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியவை எலிகள் என்கிறார் பழஞ்சீன வரலாற்றாசிரியர் சிமா சியான். கழிப்பறையில் திரிந்த எலிகள் அசிங்கத்தைத் தின்றன. ஆளோ நாயோ வந்தால் வெலவெலத்து ஓடின. தானியக் கிடங்கு எலிகளோ அகலமான கூரைக்குக் கீழே தின்று கொழுத்து, யாருக்கும் அஞ்சாமல் உலாவின. மனிதன் உயர்வதும் தாழ்வதும் அவன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்று முடிவு கட்டினார் லி சி. வேலையை உதறிவிட்டு சுன்சி என்ற ஆசானிடம் ஆட்சிக்கலை பயின்றார். படிப்பு முடிந்ததும், கி.மு. 247-ல், மேற்கே இருந்த சின் நாட்டுக்குப் பயணமானார்.

சின் நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஷாங் யாங் என்ற அமைச்சர் அங்கே பிறப்புரிமையைப் பின்னுக்குத் தள்ளி, உழவையும் போரையும் மட்டுமே உயர்வுக்கு வழியாக்கியிருந்தார். மன்னனின் நற்குணத்தை நம்பி நாட்டை நடத்த முடியாது. எழுதப்பட்ட சட்டம், தவறாத பரிசு, தவறாத தண்டனை ஆகிய மூன்றும் போதும் என்பது ஷாங் யாங் போன்ற, சட்டவாதிகள் எனப்படும் சிந்தனையாளர்களின் நிலை. சுன்சியிடம் லி சியுடன் சேர்ந்து படித்த ஹான் ஃபெய் இதை நூலாக எழுதினார். லி சி அதை நிர்வாகமாக நடத்திக் காட்டினார். ஹான் ஃபெய் பின்னாளில் சின் நாட்டுச் சிறையில் இறந்தபோது, அவர் குடித்த நஞ்சை அனுப்பியது லி சிதான் என்று சிமா சியான் எழுதியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கி.மு. 221-ல் ஆறு எதிரி நாடுகளும் வீழ்ந்தன. சின் மன்னர் முதல் பேரரசரானார். வென்ற நிலத்தை எப்படி ஆள்வது? தொலைதூரப் பகுதிகளுக்கு இளவரசர்களைச் சிற்றரசர்களாக அனுப்பலாம் என்றார் தலைமை அமைச்சர் வாங் வான். அவையில் பெரும்பாலோர் தலையாட்டினர். நீதித்துறைத் தலைவராக இருந்த லி சி மட்டும் எதிர்த்தார். முந்தைய சோ அரசர்களும் உறவினர்களுக்கு நாடுகளைப் பிரித்துக் கொடுத்தவர்கள்தானே, சில தலைமுறைகளில் அந்த உறவினர்களே பகைவர்களாகி அடித்துக்கொண்டார்கள் அல்லவா என்பது அவருடைய வாதம். பேரரசர் அதை ஏற்றார். நாடு 36 மாகாணங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் நிர்வாகத்துக்கு ஒருவர், படைக்கு ஒருவர், கண்காணிப்புக்கு ஒருவர். எவருடைய பதவியும் மகனுக்குப் போகாது. லி சியின் சாதனைகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், பெருஞ்சுவரையோ பேரரசரின் கல்லறையில் புதைத்த களிமண் படையையோ பார்க்கத் தேவையில்லை. இந்த ஒரு முடிவைத்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து வடிவம் ஒன்றாக்கப்பட்டது. எடைக்கற்களும் முகத்தல் அளவைகளும் சீராக்கப்பட்டன. அவற்றின் மீதே பேரரசரின் ஆணை பொறிக்கப்பட்டது. வண்டிகளின் அச்சு அகலம்கூட வரையறுக்கப்பட்டது.

இந்த ஆட்சி அன்றாடம் எப்படி நடந்தது என்பது 1975-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஹூபெய் மாகாணத்து ஷுய்ஹூடியில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217-ல் இறந்த, சீ என்ற கீழ்நிலை அதிகாரி அதில் கிடந்தார். அவரைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் ஓலைகள். பெரும்பாலும் சட்டங்கள், பல லி சிக்கும் முந்தியவை. மழை பெய்தால் எவ்வளவு பெய்தது, எத்தனை நிலம் பயன்பெற்றது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எடைக்கல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிசகினால் பொறுப்பதிகாரிக்கு ஒரு போர்க்கவசம் அபராதம். தானியக் கிடங்கில் மூன்று எலி வளைகள் இருந்தால் ஒரு கேடயம் அபராதம். இரண்டோ ஒன்றோ என்றால் கண்டிப்பு மட்டும். சுண்டெலி வளை மூன்று சேர்ந்தால் ஒரு எலி வளைக்குச் சமம் என்றும் கணக்கு உண்டு! குடிகள் மட்டுமல்ல, அதிகாரியும் சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஆட்சி அது. அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு புதுமையானது என்பதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் மேலிடத்தைக் கேள்வி கேட்க அதில் வழியே இல்லை. கி.மு. 213-ல் அரண்மனை விருந்தொன்றில், பழைய முறைப்படி உறவினருக்கு நாடு கொடுப்பதே நல்லது என்றார் சுன்யூ யுவே என்ற அறிஞர். அப்போது தலைமை அமைச்சராகியிருந்த லி சி, பழங்காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைப் பழிப்பதையே குற்றமாக்கும்படி பேரரசருக்கு எழுதினார். சின் நாட்டு வரலாறு தவிர மற்ற நாட்டு வரலாறுகளும், தனியாரிடம் இருந்த பழம்பாடல் நூல்களும் தீக்கிரையாயின. மருத்துவம், குறிசொல்லல், உழவு பற்றிய நூல்களுக்கு மட்டும் விலக்கு. 30 நாளில் எரிக்காதவருக்கு முகத்தில் பச்சை குத்திக் கட்டாய உழைப்பு. படித்து முன்னேறிய ஒருவரே இதைச் செய்தார் என்பது எந்த நியாயத்தாலும் கழுவ முடியாத கறை.

கி.மு. 210-ல் பேரரசர் பயணத்தில் இறந்தார். சாவ் காவ் என்ற அரண்மனை அதிகாரியின் சூழ்ச்சிக்கு உடன்பட்டு, மூத்த இளவரசர் சாகவும் இளையவர் அரியணை ஏறவும் பொய் ஆணை எழுதச் சம்மதித்தார் லி சி. அடுத்து சாவ் காவின் கை அவர் மீதே திரும்பியது. தேசத்துரோகக் குற்றச்சாட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். சிறையிலிருந்து அவர் எழுதிய மனுவை, கைதிக்கு ஏது மனு என்று சாவ் காவ் வீசியெறிந்தார். தன் ஆட்களையே பேரரசரின் விசாரணை அதிகாரிகளாக வேடமிட்டு அனுப்பினார். லி சி உண்மை சொன்ன ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது. கடைசியில் உண்மையான அதிகாரி வந்தபோது, அவரையும் போலி என்று நம்பி, லி சி குற்றத்தை ஒப்புக்கொண்டார். கி.மு. 208-ல் தலைநகர் சியான்யாங்கின் சந்தையில் அவரை இடுப்போடு வெட்டிக் கொன்றார்கள்.

இரண்டே ஆண்டுகளில் பேரரசும் விழுந்தது. கிளர்ச்சித் தலைவர் லியூ பாங்கின் படை சியான்யாங்கில் நுழைந்தபோது தளபதிகள் பொன்னையும் பட்டையும் தேடி ஓடினார்கள். சியாவ் ஹே என்ற முன்னாள் எழுத்தர் மட்டும் தலைமை அமைச்சரின் அலுவலகத்துக்குப் போய்ச் சட்டத் தொகுப்புகளையும் வரைபடங்களையும் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டார். எங்கே எத்தனை குடும்பங்கள், எந்த இடம் பலமானது என்பதெல்லாம் லியூ பாங்குக்குத் தெரிந்தது அவற்றிலிருந்துதான். அவர் நிறுவிய ஹான் பேரரசு, சில பகுதிகளை உறவினருக்குக் கொடுத்தாலும், மாகாணங்களையும் சின் சட்டங்களில் பலவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டது. நூல் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய சட்டமும் அவற்றோடு தொடர்ந்தது. அது நீக்கப்பட்டது கி.மு. 191-ல்.