ஒரே விலையில் அடங்கிய பல கடமைகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சி.என்.சி. லேத்துக்கு விலை பேசும்போது, இயந்திரத்தோடு, அதை ஓட்டுகிற தொழிலாளருக்குப் பயிற்சி அளிப்பதையும், ஏ.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் பராமரிப்பை மூன்று வருஷத்துக்குச் செய்துதருவதையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடிக்கலாம். வாங்குகிறவருக்கு அது சௌகரியமே. ஆனால் விற்றவருடைய கணக்கில், அத்தொகையில் எந்தப் பங்கு எந்தக் காரியத்துக்கு உரியது, அதை எந்த வருஷத்து வருமானமாகக் காட்டுவது நியாயம் என்ற கேள்வி உடனே எழுகிறது.

சரக்கும் உழைப்பும் கலந்த ஒப்பந்தத்தைப் பிரிக்கலாமா என்ற விவாதம் சென்னை மாகாணத்திலேயே பிரசித்தி பெற்றது. கட்டட ஒப்பந்தத்தில் பயன்படும் பொருள்களுக்கு விற்பனை வரி விதிக்க அரசாங்கம் முற்பட்டதைக் கானன் டங்கர்லி கம்பெனி எதிர்த்து வழக்காடியபோது, 1958-இல் சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் எழுதிய தீர்ப்பில், அத்தகைய ஒப்பந்தம் பிரிக்கவொண்ணாத ஒரு முழுமை என்றும், அதனுள் சரக்கு விற்பனை என்று தனியாக ஏதும் இல்லை என்றும் முடிவு கூறிற்று. பின்னர் 1982-ஆம் வருஷத்து 46-ஆவது அரசியல் சாசனத் திருத்தமே, வரிக்காக அம்முழுமையைப் பிரிக்க வழிசெய்தது.

வரிக்காகச் சட்டம் செய்த பிரிவினையை, உண்மையான லாபத்தை அறியும் பொருட்டுக் கணக்கியலும் செய்கிறது. சர்வதேச நிதி அறிக்கைத் தரம் 15-ஐத் தழுவி, 2018 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115, ஒப்பந்தத்தை இன்னதென்று அறிவது, அதில் அடங்கிய கடமைகளைத் தனித்தனியே காண்பது, மொத்த விலையை நிர்ணயிப்பது, அவ்விலையைக் கடமைகளுக்குப் பங்கிடுவது, ஒவ்வொரு கடமையும் நிறைவேறும்போது அதன் பங்கை வருமானமாக எழுதுவது என்று ஐந்து படிகளை வகுக்கிறது.

பங்கீட்டுக்கு அளவுகோல், ஒவ்வொன்றையும் தனியே விற்றால் கிடைக்கக்கூடிய விலையாகும். இயந்திரம் 20 லட்சம், பயிற்சி 1 லட்சம், மூன்று வருஷப் பராமரிப்பு 4 லட்சம் என்று தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகை 25 லட்சமாயிருக்க, எல்லாம் சேர்த்து 22.5 லட்ச ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். தள்ளுபடி இன்ன ஒன்றுக்கே உரியது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லாதபோது, அதை விகிதப்படி எல்லாவற்றுக்கும் பகிரவேண்டும். ஆகவே இயந்திரத்துக்கு 18 லட்சமும், பயிற்சிக்கு 90,000 ரூபாயும், பராமரிப்புக்கு 3.6 லட்சமும் ஆகின்றன. இயந்திரம் வாங்கியவர் வசமானதும் 18 லட்சத்தையும், பயிற்சி நடந்தேறியதும் 90,000-ஐயும், பராமரிப்புக்கு வருஷந்தோறும் 1.2 லட்சத்தையும் வருமானமாக எழுதலாம். பணம் முழுவதும் முதல் நாளே கைக்கு வந்திருந்தாலும், எஞ்சியது இனிமேல் செய்து தீர்க்கவேண்டிய பொறுப்பாக ஐந்தொகையில் நிற்கும்.

தனி விலை வெளிப்படையாகத் தெரியாதவிடத்து, சந்தை நிலவரத்தைக் கொண்டோ, ஆகக்கூடிய செலவோடு தக்க லாபத்தைச் சேர்த்தோ அதை மதிப்பிடலாம். இலவசம் என்று விளம்பரப்படுத்தப்படும் பராமரிப்பும், தனிக் கடமையாக இருக்குமானால், தன் பங்கைப் பெறும். விற்ற பொருள் சொன்னபடி பழுதின்றி இருக்கும் என்ற சாதாரண உத்தரவாதம் மட்டும் தனிக் கடமையாகக் கொள்ளப்படுவதில்லை.

பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளையும், 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகளையும் முக்கியமாகக் கட்டுப்படுத்தும் இத்தரம், ஒரு சிறு பட்டறையைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது மெய்யே. ஆயினும், மூன்று வருஷத்துப் பராமரிப்புக்கு வாங்கிய பணத்தை இந்த வருஷத்து லாபமாக எண்ணிச் செலவிட்டுவிடும் முதலாளி, அடுத்த இரண்டு வருஷமும் மெக்கானிக்குக்குச் சம்பளமும் உதிரி பாகத்துக்கு விலையும் கொடுக்கும்போது, அவற்றுக்கு ஈடான வரவு இன்றித் திண்டாடுவார். அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுத்த வங்கியும், அவரை நம்பி வேலைக்கு வரும் தொழிலாளியும் அத்துன்பத்தில் பங்குகொள்வர். ஆதலால் பில் ஒன்றாயிருப்பினும், அதற்குள் அடங்கிய கடமைகளைப் பேரேட்டில் தனித்தனியே எழுதும் வழக்கத்தைச் சிறு தொழிலதிபர்களும் தாமாகவே மேற்கொள்ளவேண்டும்.