பென்சில் முந்துகிறது, கணினி படிக்குமா?

சென்னை தியாகராய நகரில் கில்டு தெரு என்று ஒன்று உண்டு. சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிய ஸ்டெனோகிராஃபர்ஸ் கில்டு இருக்கும் இடம் அது. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது ஷார்ட்ஹேண்ட்.

கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில், டைப்ரைட்டிங் ஹையருக்கு நிமிடத்துக்கு 45 சொல். ஷார்ட்ஹேண்ட் ஹையருக்கு 120 சொல். ஆனால் அந்த வேகம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் 'சி' நிலை ஸ்டெனோவுக்கு 10 நிமிடம் டிக்டேஷன் கொடுக்கிறது. அதை ஆங்கிலத்தில் கணினியில் அடித்து முடிக்க 40 நிமிடம். ஷார்ட்ஹேண்ட் கோடுகளைக் கணினியே படித்துவிட்டால்?

எளிதல்ல. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையில் 'கிங்' (king) என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய கிடைக்கோடு. 'கோல்டு' (gold) என்பதன் முதல் ஒலிக்கு அதே கோடு, சற்று அழுத்தமாக. கோட்டைப் பாதியாகக் குறுக்கினால் கூடவே இன்னொரு ஒலி சேரும். வேகத்தில் உயிரொலிகளை விட்டுவிடுவார்கள். சொல் வரிக்கு மேலா, வரியிலா, வரியை வெட்டியா என்பதை வைத்தே விடுபட்டதை ஊகிக்க வேண்டும்.

1980-களில் இங்கிலாந்தில் கிரஹாம் லீதமும் ஆண்டி டவுண்டனும் இதில் இறங்கினார்கள். பசவராஜ் அனமியும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாகபூஷணும் பிட்மன் கோடுகளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் ஆய்வை 2002-இல் 'சாதனா' இதழில் வெளியிட்டார்கள். இன்றைய டேப்லெட் பேனா அழுத்தத்தையும் அளக்கிறது. விடுபட்ட உயிரொலியை வாக்கியத்தின் போக்கை வைத்து நிரப்ப மொழி மாதிரிகள் வந்துவிட்டன. அன்று திணறவைத்த இரண்டு முடிச்சுகளும் இப்போது தளர்ந்திருக்கின்றன.

பேச்சையே எழுத்தாக்கும் செயலி இருக்க, இது எதற்கு என்பார்கள். நூலகத்திலும் கூட்டத்திலும் ஓடும் பஸ்ஸிலும் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சத்தமில்லாமல், பேச்சின் வேகத்தில் எழுத ஒரு வழி வேண்டும்.

தமிழ் எழுத்துகளுக்கு, பெங்களூரு எச்.பி. ஆய்வகம் 156 குறிகளின் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது; அவற்றை வைத்து 2006-இல் ஆய்வாளர்களுக்கிடையே போட்டியே நடந்தது. தமிழ்ச் சுருக்கெழுத்துக்கும் அப்படியொரு தொகுப்பு தேவை. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி., கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். கில்டு தெருவிலிருந்து இரண்டும் சில கிலோமீட்டர்தான். மாணவர்கள் டேப்லெட்டோடு வந்து ஓய்வுபெற்ற ஸ்டெனோக்களை எழுதச் சொல்லட்டும். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பழைய நோட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.